சிறுதேரும் சிறு புகைவண்டியும்: கிரகாம் கிரீனின் படநூல் ஒன்று

நாவலாசிரியர் ஒருவரை ஆராயப் புகுவோர் அவர்தம் நாவல்களை வரிசைப்படுத்துவர், சிறுகதைகளைத் தொகுப்பர், கடிதங்களையும் தேடிக் காண்பர். குழந்தைகளுக்கென அவர் எழுதிய நூல் ஏதேனும் இருப்பின், பட்டியலின் இறுதியில் ஒரு வரியில் குறித்துவிட்டு அமைவர். தமிழிலும் நிலை வேறன்று. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையா சிறுவர்க்கும் எழுதினார். ‘கோபல்ல கிராமம்’ படைத்த கி. ராஜநாராயணன் ‘பிஞ்சுகள்’ என்னும் நூலையும் படைத்தார். முன்னவை ஆராயப்பெற்ற அளவிற்குப் பின்னவை ஆராயப்பெறவில்லை. ஆயின், பெரியோர்க்கு எழுதுங்கால் ஆசிரியன் பல திரைகளுக்குப் பின் வைத்துப் பேசுவன, சிறுவர்க்கு எழுதுங்கால் திரையின்றி வெளிப்போந்து விடுதல் உண்டு. அதனை ஓர் ஆங்கிலப் படநூலைக் கொண்டு காட்ட முயல்வதே இக்கட்டுரை.

தமிழாய்வு இதழில் ஆங்கிலப் படநூலுக்கு என்ன இடம் என வினவுவோர் இருக்கலாம். அந்நூலை எழுதியவர், சென்னைப் புரசைவாக்கத்தில் 1906-இல் பிறந்த ஆர். கே. நாராயணனின் முதல் நாவல் அச்சேறக் காரணராய் இருந்தவர் என்பது ஒன்று. கிளைப்பாதையில் ஓடும் சிறு புகைவண்டி ஒன்றே அந்நூலின் தலைவன் என்பது மற்றொன்று. தென்னாட்டின் முதற் புகைவண்டி நிலையமாகிய இராயபுரத்தின் அருகிலிருந்து படிக்கும்போது, அக்கதை இலண்டனில் படிக்கப்படுவது போலப் பொருள்படுவதில்லை. இவ் வேறுபாடே இக்கட்டுரையின் கரு.

நூலின் பெயர் ‘சிறு புகைவண்டி’. 1946-இல் ஐர் அண்டு ஸ்பாட்டிஸ்வுட் பதிப்பகத்தின் வழி வெளிவந்தது. கிரீன் 1944 முதல் 1948 வரை அப்பதிப்பகத்தின் இயக்குநருள் ஒருவர். முதற் பதிப்பில் அவர் பெயர் இல்லை. படம் வரைந்த டாரதி கிரேகி என்பவரின் பெயர் மட்டுமே இருந்தது. கிரேகி என்பது புனைபெயர். இயற்பெயர் டாரதி குளோவர். இலண்டன்மீது குண்டுகள் வீழ்ந்த போர்க்கால இரவுகளில் கிரீனுடன் காவற்பணி ஆற்றிய நெருங்கிய தோழி அவர். பின்னாளில் இருவரும் விக்டோரியா காலத்துத் துப்பறியும் நூல்களைச் சேர்த்து, அவற்றிற்கொரு விளக்கப் பட்டியலும் 1966-இல் வெளியிட்டனர். அதே பதிப்பகம் முந்திய ஆண்டாகிய 1945-இல் நாராயணனின் ‘ஆங்கில ஆசிரியர்’ நாவலை வெளியிட்டிருந்தது. கல்லூரியில் இலக்கியம் கற்பிக்கும் வேலையைத் துறந்து குழந்தைகள் பள்ளிக்குச் செல்லும் ஒருவனின் கதை அது. குழந்தை நூல்களை ஆராய்வது தகுதிக் குறைவு எனக் கருதும் நம்மனோர் அந்நாவலையும் ஒருமுறை படித்தல் நன்று.

படநூலின் கதை சிறிது. ‘லிட்டில் ஸ்னோரிங்’ என்னும் சிற்றூரில் ஒரு சிறு புகைவண்டி வாழ்கிறது. ஊர்ப்பெயரிலேயே குறட்டை ஒலி உண்டு. தமிழில் ‘சிறுகுறட்டை’ எனலாம். நாள்தோறும் அதே பாதை, அதே நிலையங்கள். உலகைக் காணவேண்டும் என்னும் வேட்கையால் ஒருநாள் வண்டி ஓடிப்போகிறது. முதலில் மகிழ்ச்சி, பின்னர் வியப்பு, அதன் பின்னர் அச்சம். ‘ஸ்மோக்கோவரால்’ என்னும் பெருநகர நிலையத்தை அடையும்போது அவ்வச்சம் உச்சம் பெறுகிறது. எல்லாவற்றின்மேலும் புகை என்பதே அந்நகர்ப் பெயரின் பொருள். அங்கே பெருவண்டிகளின் முழக்கமும் இரைச்சலும் சிறு வண்டியைக் கலங்க வைக்கின்றன. வழி தவறித் தவிக்கும் அதற்கு எடின்பரோ விரைவண்டியாகிய ஜாக் உதவுகிறான். வண்டி தன் ஊர் மீள்கிறது. ஊர் அதனைக் கொண்டாடி வரவேற்கிறது.

இதன் நகைச்சுவை நுட்பமானது. நகைக்குத் தொல்காப்பியர் வகுத்த நிலைக்களன் நான்கனுள் இளமையும் பேதைமையும் இடம்பெறுகின்றன. சிறு வண்டியின் இளமையே அதன் பேதைமை. அதனால் நமக்கு நகை பிறக்கிறது, ஏளனம் பிறப்பதில்லை. அச்சத்திற்கு அவர் கூறும் களன்களுள் விலங்கு ஒன்று. தம்மை ஆளும் இறை மற்றொன்று. பெருநகர நிலையத்தின் எந்திரங்கள் விலங்குகள்போல் நின்று அஞ்சுவிக்கின்றன. ஆனால் இறைபற்றிய அச்சம் கதையில் தலையெடுக்கவில்லை. ஓடிப்போன வண்டியை ஒறுப்பார் எவருமிலர். குழந்தைக் கதைகளில் கட்டளை மீறியவனுக்கு ஒரு தண்டனை காத்திருப்பதே பெருவழக்கு. இக்கதையோ ஓடியவனுக்கு விழா எடுக்கிறது. நூலின் விளையாட்டுத்தன்மை எந்திரம் பேசுவதில் இருப்பதாகப் பலர் கருதலாம். குற்றத்தைக் கொண்டாட்டமாக மாற்றிவிடும் இத்துணிவில்தான் அது இருப்பதாக நான் கருதுகிறேன்.

கிரீனின் பெரு நாவல்களை அறிந்தவர்க்கு இவ்விடம் வியப்பளிக்கும். ஓட்டமும் மீட்சியும் அவருக்குப் புதியன அல்ல. அவர்தம் எழுத்தின் முதுகெலும்பே அவைதாம். 1932-இல் வந்த ‘ஸ்டாம்பூல் புகைவண்டி’யில் சின்னர் என்னும் மருத்துவர் வருகிறார். தாயகத்தினின்று தப்பியோடி, இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக மறைந்து வாழ்ந்த புரட்சியாளர் அவர். புரட்சியில் பங்குகொள்ளப் புகைவண்டி ஏறித் தாயகம் மீளும் வழியிலேயே பிடிபட்டுச் சுடப்படுகிறார். 1940-இல் வந்த ‘ஆற்றலும் மாட்சியும்’ நாவலின் பாதிரியார், மெக்சிகோ நாட்டின் வேட்டையினின்று தப்பி எல்லை கடந்து விடுகிறார். சாகும் நிலையிலுள்ள ஒருவனுக்கு இறுதிச் சடங்கு செய்யவேண்டும் என அழைக்கப்பட, வலை என்று அறிந்தே திரும்புகிறார், பிடிபட்டுக் கொல்லப்படுகிறார். இவ்விரு நாவல்களிலும் மீளுதல் என்பது இறத்தல். 1946-இன் படநூலிலோ மீளுதல் என்பது விழா. புகைவண்டி, ஓட்டம், மீட்சி என்னும் உறுப்புகள் அவையே. முடிவு மட்டும் தலைகீழாய் நிற்கிறது.

இதற்குக் காரணம் காண்பார் கிரீனின் இளமைக்குச் செல்வர். அவர் தந்தை, அவர் பயின்ற பெர்க்காம்ஸ்டெட் பள்ளியின் தலைமையாசிரியர். பள்ளியின் கொடுமை தாளாது சிறுவன் கிரீன் ஓடிப்போனதும், மீட்கப்பெற்றதும், அதன்பின் 1921-இல் இலண்டனில் உளப்பகுப்பாய்வு மருத்துவம் பெற அனுப்பப்பெற்றதும் 1971-இல் அவரே எழுதிய தன்வரலாற்றால் அறியப்படும். சிறு வண்டி, ஓடிப்போன அச்சிறுவனே எனக் கூறுதல் எளிது. கூறலாம், ஆயினும் சிறிது தயங்குதல் வேண்டும். கிரீனே 1933-இல் குழந்தை எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டரைப்பற்றி, விளையாட்டும் வினையுமாக ஒரு திறனாய்வுக் கட்டுரை எழுதினார். அவ்வம்மையாரின் கதைகள் ஒரு கட்டத்தில் இருண்டமைக்கு ஏதோ உள்ளத் துயரம் காரணமாதல் வேண்டும் என ஊகித்தார். அம்மையார் சினந்து விடை எழுதினார்: அந்நாளில் தமக்கு உள்ளத் துயரம் ஏதுமில்லை, சளிக்காய்ச்சலின் பின்விளைவுதான் இருந்தது என்று. வாழ்க்கையிலிருந்து படைப்புக்குப் பாலம் கட்டுவோர் இச்செய்தியை நினைவிற்கொள்வது நலம். ஆதலின் யான் உளவியற் பாலத்தை விடுத்து, நூலோடு நூலை வைத்து நோக்குகிறேன்.

அவ்வாறு நோக்குதற்கு ஏற்றது நாராயணனின் ‘சுவாமியும் நண்பர்களும்’. கையெழுத்துப் படி பல பதிப்பகங்களால் மறுக்கப்பட, ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பர் பூர்ணா அதனைக் கிரீனிடம் சேர்த்தார். கிரீனின் பரிந்துரையால் 1935-இல் ஆமிஷ் ஆமில்டன் பதிப்பகம் அதனை வெளியிட்டது. நூலின் பெயரும், ஆசிரியர் பெயரின் சுருங்கிய வடிவும் கிரீன் தேர்ந்தவையே. மால்குடி என்னும் ஊர் தம் மனத்தில் முதன்முதல் ஒரு சிறு புகைவண்டி நிலையமாகவே தோன்றியது என 1974-இல் வெளிவந்த தன்வரலாற்றில் நாராயணன் கூறுகிறார்.

சுவாமிநாதனும் ஓடிப்போகிறவனே. தலைமையாசிரியருடன் நேர்ந்த மோதலால் பள்ளியைவிட்டு ஓடுகிறான், காட்டு வழியில் இரவில் திசை தவறி நடுங்குகிறான், மீட்கப்பெறுகிறான். வீடு அவனை மகிழ்ந்து ஏற்கிறது. இதுவரை சிறு வண்டியின் கதையே இது. ஆயின் நாராயணன் இங்கே நிறுத்தவில்லை. சுவாமி இல்லாமையால் கிரிக்கெட் ஆட்டம் தோற்றுவிட்டது. நண்பன் இராஜம் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டான். இறுதியில் இராஜத்தின் தந்தை மாற்றலாகி, குடும்பம் ஊரைவிட்டுச் செல்கிறது. நிலையத்தில் வண்டி புறப்படும் நேரத்தில் சுவாமி கொணர்ந்த பரிசை மணி ஓடிச்சென்று கொடுக்கிறான். அப்பரிசு ஆண்டர்சனின் தேவதைக் கதைகள். இராஜம் ஏதோ சொல்ல வாய் திறந்ததுபோல் தெரிகிறது. வண்டியின் கூவல் அதனை விழுங்கிவிடுகிறது. ஒரு குழந்தை நூல் ஓடும் வண்டிக்குள் சென்று மறைவதோடு, பெரியோர்க்கு எழுதப்பெற்ற நாவல் முடிகிறது.

ஓடியவன் மீளலாம், ஓடியதால் இழந்தது மீளாது. நாராயணன் இதனைச் சொல்கிறார். இந்நாவலை உலகிற்குக் கொணர்ந்த கிரீன், பதினோராண்டு கழித்துத் தம் படநூலில் இதனைச் சொல்ல மறுக்கிறார். மறுத்தது அறியாமையால் அன்று. சின்னரையும் பாதிரியாரையும் படைத்தவர்க்கு மீட்சியின் விலை தெரியாதா? குண்டுவீச்சில் சிதைந்த நகரில், போர் முடிந்த மறு ஆண்டில், விலையின்றி வீடு திரும்பும் ஒரு கதையாவது குழந்தைகளுக்கு இருக்கட்டும் என அவர் எண்ணியிருத்தல் கூடும். நூலின் இனிமைக்கு இதுவே ஊற்று. குறைக்கும் ஊற்று இதுவேதான் என்பதை இனிக் காண்போம்.

குறை, ஸ்மோக்கோவராலில் இருக்கிறது. வண்டியின் இன்ப மீட்சிக்கு ஒரு கொடிய இடம் தேவைப்படுகிறது. அவ்விடம் புகை சூழ்ந்த தொழில் நகரமாக அமைகிறது. முதுகலை வகுப்பில் யான் இக்கதையை எடுத்துரைத்தபோது, தண்டையார்ப்பேட்டை இருப்புப்பாதைக் குடியிருப்பில் வளர்ந்த மாணவி ஒருத்தி, “ஐயா, அந்தப் புகை ஊரில் குழந்தைகள் இல்லையா?” என்று வினவினாள். வகுப்பு நகைத்தது. எனினும் நூலைப்பற்றி யான் கேட்ட வினாக்களுள் அதனினும் கூரியது பிறிதில்லை. கதை அந்நகரை நிலையத்தின் வழியாக மட்டுமே, அதுவும் அஞ்சிய வண்டியின் கண்வழியாக மட்டுமே காட்டுகிறது. சிறுகுறட்டைக்கு மக்கள் உளர், வரவேற்பு உண்டு. ஸ்மோக்கோவராலுக்கு ஒலி மட்டும் உண்டு.

இராயபுரத்தினின்று படிப்போர்க்கு இவ்விடம் தைக்கும். இராயபுரம் நிலையம் 1856 சூன் 28-இல் திறக்கப்பெற்றது. சூலை முதல் நாள் அங்கிருந்து வாலாசா சாலைவரை வண்டி ஓடியது. 1873-இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தபின் இராயபுரத்தின் முதன்மை படிப்படியாகக் குன்றியது. ஒருகாலத்துத் தலைமை நிலையம் பின்னர் சரக்கும் புறநகர் வண்டிகளும் கடக்கும் சிறு நிலையமாயிற்று. அதன் பழங்கட்டடம் 2005-இல் புதுப்பிக்கப்பெற்றது. ஆகவே இராயபுரம் ஒரே வேளையில் சிறுகுறட்டையும் ஆகும், ஸ்மோக்கோவராலும் ஆகும். நிலையத்தின் நிலையால் அது சிற்றூர். காற்றின் நிலையால் அது புகையூர். துறைமுகத்து நிலக்கரித் தூசி இப்பகுதி வீடுகளின் கொடிக்கயிற்றில் உலர்ந்த துணிகளின்மேல் நெடுங்காலம் படிந்தது. நீதிமன்ற ஆணைக்குப்பின் 2011-இல்தான் அங்கு நிலக்கரி கையாளுதல் நின்று எண்ணூர்த் துறைமுகத்திற்கு மாறியது. இராயபுரத்தினின்று நீங்கிய தூசி எண்ணூரைச் சேர்ந்தது என்க. புகையைப் போற்றுதல் என் நோக்கமன்று. புகை தீது, புகையினடியில் வாழ்வோரை இல்லாதவராக்கும் கதையும் அவ்வளவில் தீதே. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கிய காலத்தில் அதன் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு அது அச்சம் தரும் அணங்கு அன்று. வீடு நெருங்கிவிட்டது என்பதற்கு அடையாளம்.

ஊரைவிட்டு ஓடுவோனின் கதை வடசென்னைக்குப் புதிதும் அன்று. திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுரைத்த சுந்தரர், பின்னர் அச்சூளைக் கடந்து ஆரூர் நோக்கிப் புறப்படுகிறார். ஊரெல்லை கடந்ததும் இரு கண்ணும் இழக்கிறார். சேக்கிழார் இதனை விரித்துரைக்கிறார். இங்கே ஓட்டத்திற்கு விலை உண்டு. ஆயின் நோக்கத்தக்க செய்தி மற்றொன்று: சுந்தரர் ஒற்றியூருக்குத் திரும்பிவந்து கண் பெறவில்லை. வழிநடந்து, வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் பெறுகிறார். இழந்ததை மேற்சென்றே பெறுதல் என்னும் இவ்வமைப்பு, சிறு வண்டியின் அமைப்பிற்கு நேர் எதிரானது. பெரிய புராணத்தைப் படநூலோடு ஒப்பிடுதல் தகுமோ எனில், அளவில் தகாது, கதையமைப்பில் தகும். புறப்பட்டவன் வீடு திரும்பினாலன்றிக் கதை முடியாது என்பது ஒரு மரபின் வழக்கே அன்றி, எல்லா மரபிற்கும் உரிய விதி அன்று என்பதனை இவ்வொப்பீடு காட்டுகிறது.

நம் இலக்கியத்துச் சிறுதேரும் இதற்குச் சான்றாகும். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர் இறுதிப் பருவம். அங்கே தேர் உருள்கிறது, உருளுதலே இன்பம், எங்குச் சென்று எப்போது மீளும் என்னும் கவலை இல்லை. பட்டினப்பாலையில் மூன்று உருளையுடைய சிறுவர் தேர், புகார்த் துறைமுக நகரின் வளத்தைக் காட்டும் இடத்தில் வருகிறது. குறுந்தொகைப் பாட்டொன்று, ஏறிச் செல்லாமல் கையால் இழுத்தே சிறுவர் மகிழும் தச்சன் தேரை உவமையாக்குகிறது. படநூலின் இயல்பை அவ்வுவமையினும் நன்கு விளக்குவது அரிது. குழந்தை அவ்வண்டியில் ஏறிச் செல்வதில்லை; தாளைப் புரட்டித் தானே இழுத்துச் செல்கிறது. விரும்பிய பக்கத்தில் நிறுத்தும். அஞ்சிய பக்கத்தை விரைந்து புரட்டும். கதைமுடிவு ஆசிரியன் கையில் இருப்பினும் பயணம் குழந்தையின் கையில் இருக்கிறது.

கிரீன் மேலும் மூன்று படநூல்கள் எழுதினார்: தீயணைப்பு வண்டிபற்றி 1950-இலும், குதிரைப் பேருந்துபற்றி 1952-இலும், சாலை உருளைபற்றி 1953-இலும். தங்கம் கடத்துவோரைப் பிடிக்கும் சாலை உருளை வேடிக்கையானது. அதற்குமேல் அதில் ஆராய ஒன்றுமில்லை. தீயணைப்பு வண்டியும் குதிரைப் பேருந்தும், புதியதால் ஒதுக்கப்பெற்ற பழையது தன் தகுதியை நிறுவுதல் என்னும் ஒரே அச்சில் வார்க்கப்பெற்றவை.

படங்களைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். கிரேகியின் ஓவியம் ஒளி மிக்க வண்ணமும் எளிய கோடும் உடையது. குழந்தை வரைந்ததோ என மயங்கச் செய்வது. கிரேகி 1971-இல் மறைந்தார். 1973-இல் இக்கதைக்கு எட்வர்ட் ஆர்டிசோன் புதிதாகப் படம் வரைந்தார். பேனாக் கீற்றுகளும் மெல்லிய நீர்வண்ணமும் கலந்த அவர் கை நினைவின் சாயல் உடையது. திறனாய்வாளர் பலரும் ஆர்டிசோனையே உயர்த்துவர். கலைத்திறனில் அது மறுக்கத்தக்கதன்று. எனினும் இடையில் நிகழ்ந்ததை மறத்தலாகாது. 1963-இல் வந்த பீச்சிங் அறிக்கையின் விளைவாக இங்கிலாந்தில் கிளைப்பாதைகள் பல மூடப்பட்டன. 1946-இன் குழந்தைக்குச் சிறுகுறட்டை, நாளை காலையும் வண்டி ஓடும் ஊர். 1973-இன் குழந்தைக்கு அது தாத்தா சொல்லும் ஊர். அதே சொற்கள், மென்மையான புதுப் படங்களோடு, ஆறுதற் கதையிலிருந்து இரங்கற் கதையாக மாறிவிட்டன. விளையாட்டு வேண்டுவோர் கிரேகியின் பதிப்பையே நாடவேண்டும் என்பது என் துணிபு.

இந்நூலைத் தமிழாக்க முனைவார்க்கு ஒரு சொல். ஸ்மோக்கோவராலைப் ‘புகையூர்’ எனப் பெயர்த்தல் எளிது, பொருளும் பொருந்தும். ஆனால் அப்பெயரைக் கேட்டு மயிலாப்பூர்க் குழந்தை நகைக்கும். கத்திவாக்கத்துக் குழந்தை தன் ஊரைத்தான் சொல்கிறார்கள் என்று கொள்ளும். அப்பெயரை மட்டும் ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடுதல் தகும். அவ்வொலியில் ஊர் எதுவும் தெரியாது, பெருவண்டிகளின் இரைச்சல் மட்டும் கேட்கும். சிறுகுறட்டையைப் பெயர்ப்பதில் இத்தகைய தடை ஏதும் இல்லை.